கால் முளைத்த கொடித்தண்டு

மார்ச் 4, செவ்வாய்

தென்னிலங்கை அகழாய்வுக் குழி ஒன்றிலிருந்து வந்த பெட்டியை இன்று திறந்தேன். 41 ரோமச் செப்புக்காசுகள். பச்சைக் களிம்பேறி, எழுத்து தேய்ந்து, பல காசுகள் சுண்டுவிரல் நகத்தளவே இருக்கின்றன. காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்துப் பல்குச்சியால் மண்ணை மட்டும் தள்ளினேன். களிம்பைச் சுரண்டினால் உருவமும் கூடவே போய்விடும். பல காசுகளில் உருவம் அந்தத் தோலில்தான் தங்கியிருக்கிறது.

மார்ச் 5, புதன்

எழுத்து அழிந்தாலும் உருவங்கள் நிற்கும் விதம் எளிதில் அழிவதில்லை. விளக்கை மேசை மட்டத்துக்குத் தாழ்த்தினால் நிழல் எழுகிறது. குதிரையோடு சரியும் பகைவன் மேல் ஈட்டி பாய்ந்தால், அது கி.பி. 348இல் தொடங்கிய வகை. வெற்றித் தேவதை கைதியை இழுத்தபடி இடப்புறம் நடந்தால் 388க்குப் பின். மாலைக்குள் 9 காசுகள் பிடிபட்டன.

மார்ச் 7, வெள்ளி

17ஆம் எண். 15 மி.மீ., 1.6 கிராம். இரு வீரர்கள், நடுவே ஒரு கொடித்தண்டு: ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் குடும்பத்தின் காசு, 335 முதல் 341 வரை. இந்தக் காசு கிடைத்த மண்ணடுக்கு நான்காம் நூற்றாண்டின் நடுப்பகுதி என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். மகிழ்ச்சியோடு பதிவேட்டில் எழுதினேன்.

மார்ச் 10, திங்கள்

படம் எடுக்க வந்த மாணவி கேட்டாள்: "அண்ணா, இந்தத் தண்டுக்குக் கால் இருக்கிறதே?"

விளக்கை மறுபக்கம் வைத்துப் பார்த்தேன். இரண்டு கால்கள். மேலே ஒரு சிறு தலையும் இருந்தது. அது கொடித்தண்டே அல்ல. ஆர்க்காடியஸுக்கும் ஹொனோரியஸுக்கும் நடுவே நிற்கும் சிறுவன் இரண்டாம் தியோடோசியஸ். மூன்று பேரரசர் வகை, 406 முதல் 408 வரை. ஏறக்குறைய எழுபது ஆண்டு தள்ளிப் போய்விட்டது! அந்த அடுக்கு 406க்கு முன் மூடியிருக்க முடியாது. எவ்வளவு பின் என்பதை இந்தக் காசு சொல்லாது. இத்தகைய காசுகள் இலங்கையில் நெடுங்காலம் புழங்கின. எங்கள் ஊகத்துக்கு ஏற்றபடி காசைப் பார்த்திருக்கிறேன். வெள்ளிக்கிழமைப் பதிவை அழிக்கவில்லை. குறுக்கே கோடிட்டுக் கீழே திருத்தி எழுதினேன்.

அவளுக்கு நன்றி சொன்னபோது வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

மார்ச் 11, செவ்வாய்

இலங்கையிலேயே வார்த்தும் அடித்தும் செய்த போலிகள் இன்றைய வேலை. எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடுகள். அவற்றைத் தேய்ந்த அசல் என்று பதிந்துவிட்டால் உள்ளூர்க் கைவினைஞரின் உழைப்பே கணக்கில் மறைந்துவிடும். அவற்றுக்குத் தனித் தட்டு வைத்தேன்.

12 காசுகளுக்கு எடை, விட்டம், படம் மட்டும் பதிந்து, "அடையாளம் காண இயலவில்லை" என்று எழுதியாயிற்று. 29ஆம் எண்ணின் அடிவிளிம்பில், ரோமப் பேரரசின் கிழக்கு நகரான அந்தியோக்கியாவின் நாணயச்சாலைக் குறி பாதி தெரிகிறது. நாளைக் காலை இருவருமாகப் பார்க்க வேண்டும்.