மாமா படகில் விழிக்காத போர்டு

என்ஜின் அறை அடியில் ஒரு வாளி கடல்தண்ணீரை ஊற்றிவிட்டு மாமா என்னைப் பார்த்தார். தண்ணீர் ஏறினால் எச்சரிக்க நான் வைத்த போர்டைப் பார்த்தேன். சைரன் இல்லை, விளக்கு இல்லை. இரண்டாவது வாளி. மிதவை சுவிட்ச் ஒழுங்காக மேலே வந்து தொடர்பு கொடுத்ததை மல்டிமீட்டர் காட்டியது. போர்டு மட்டும் கும்பகர்ணன்.

"மாப்ள, தண்ணி ஏறுனா கத்தும்னு சொன்ன. இது நமக்கு முன்ன முழுகிரும் போலயே?"

பாம்பன் தெற்குவாடியில் தடைக்காலம் முடியும் நேரம். ஜூன் 14 தாண்டினால் விசைப்படகு கிளம்பிவிடும். வீட்டில் வேலை செய்ததே என்று சொல்ல வாய் வந்தது. உண்மை என்னவென்றால், வீட்டில் நான் அதைத் தூங்கவைத்துப் பார்க்கவே இல்லை.

ஐ.எம்.எக்ஸ்6 சிப் போட்ட போர்டு அது. பேட்டரி தாங்குவதற்காக எந்நேரமும் சஸ்பெண்டில், அதாவது ஆழ்ந்த தூக்கத்தில் கிடக்கும். மிதவை எழுந்தால் விழித்துக் கத்த வேண்டும், அவ்வளவுதான். விற்றவர் கொடுத்த 3.14 லினக்ஸ் கெர்னலில் மோடம் தகராறு செய்தது. அதனால் புதிய கெர்னலுக்கு மாறினேன், டிவைஸ் ட்ரீயை (போர்டில் எது எதோடு இணைந்திருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்லும் கோப்பு) மட்டும் பழையதையே இழுத்து வந்தேன். அங்கே பிடித்தது சனி.

பழைய கெர்னலில் ஜிபிசி என்ற விழிப்புக் கன்ட்ரோலர், ஜிக் என்ற முதன்மை இன்டரப்ட் (சாதனங்கள் சிப்பைக் கூப்பிடும் சமிக்ஞை) கன்ட்ரோலரோடு கோடுக்குள்ளேயே கள்ளத்தனமாகக் கோக்கப்பட்டிருந்தது. டிவைஸ் ட்ரீயில் அதைப் பற்றி ஒரு வரி கிடையாது. 2015இல் 4.1 கெர்னலோடு அந்தக் குறுக்குவழி போய்விட்டது. இப்போது எல்லாவற்றையும் ட்ரீயில்தான் எழுத வேண்டும். பூட் ஆகும்போதே கெர்னல் 'அவுட்டேட்டட் டிடி டிடெக்டட், சஸ்பெண்ட்/ரெசியூம் வில் நாட் ஒர்க்' (டிவைஸ் ட்ரீ பழசு, தூங்குவதும் விழிப்பதும் நடக்காது) என்று சொல்லித்தான் இருக்கிறது. பூட் வரியில் 'கொயட்' போட்டு அதன் வாயை அடைத்தவன் நான். சோதிக்கும் காலத்தில் தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள்.

கெர்னல் மாற்றி இரண்டு நாள் கழித்து லாக்கில் அந்த எச்சரிக்கையைப் பார்த்ததும், ட்ரீயில் ஜிபிசிக்கான பகுதியான ஜிபிசி நோடில் 'இன்டரப்ட்-கன்ட்ரோலர்' என்றும் 'இன்டரப்ட்-செல்ஸ்' 3 என்றும் சேர்த்தேன். எச்சரிக்கை மறைந்தது. அந்தச் சந்தோஷத்தில்தான் பஸ் ஏறிப் பாலம் தாண்டிப் போய் இரண்டு வாளித் தண்ணீரில் அசிங்கப்பட்டேன். விற்றவருக்கு எழுதினால், "ஹார்டுவேர் கோளாறா இருக்கும் சார், புது போர்டு ஒண்ணு வாங்கிப் பாருங்க" என்று பதில்.

ராத்திரி உட்கார்ந்து கெர்னலில் ஜிபிசியின் டிரைவர் கோடைப் படித்தபோதுதான் புரிந்தது. அந்த எச்சரிக்கை, ஜிபிசி நோடில் 'இன்டரப்ட்-கன்ட்ரோலர்' என்ற சொல் இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கிறது. யாருடைய இன்டரப்டாவது அதன் வழியாகப் போகிறதா என்று பார்ப்பதில்லை. சிப்பில் உள்ள சாதனங்களையெல்லாம் அடக்கிய என் எஸ்ஓசி நோடில் 'இன்டரப்ட்-பேரண்ட்' (இன்டரப்ட் யாரிடம் போக வேண்டும் என்பது) இன்னும் ஜிக்தான். ஆழ்ந்த தூக்கத்தில் ஜிக்கும் படுத்துவிடும். விழித்திருப்பது ஜிபிசி ஒன்றே. தலா 32 பிட் கொண்ட நான்கு மாஸ்க் ரெஜிஸ்டர்களை வைத்துக்கொண்டு யார் எழுப்பலாம், யார் கூடாது என்று அதுதான் முடிவு செய்கிறது. மிதவைக்கு நான் 'வேக்கப்-சோர்ஸ்' போட்டிருந்தேன். ஆனால் 'என்னை எழுப்பு' என்ற கோரிக்கை ஜிபிசியைத் தொடாமல் நேரே ஜிக்குக்குப் போனது. ஜிக் டிரைவரிலோ இந்தக் கோரிக்கைகளைத் தாண்டிவிடு என்று ஒரு கொடி உண்டு. ஒன்றும் செய்யாது, ஆனால் வெற்றி என்று பூஜ்யத்தைத் திருப்பித் தரும். 'ஆகட்டும் சார், பார்த்துக்கலாம்' என்று மனுவை வாங்கி மேசைக்கு அடியில் போடுகிற குமாஸ்தா மாதிரி. பிழைச் செய்தி எப்படி வரும்?

எஸ்ஓசியின் பேரண்டை ஜிபிசிக்கு மாற்றினேன். இப்போது பூட்டே பாதியில் நின்றது: 'நோ பேரண்ட், கிவிங் அப்'. ஜிபிசியும் எஸ்ஓசிக்குள்தானே இருக்கிறது, அதற்கும் பேரண்ட் ஜிபிசி என்றாகி, தனக்குத் தானே அப்பனாகிவிட்டது. ஜிபிசி நோடுக்குள் மட்டும் தனியாக 'இன்டரப்ட்-பேரண்ட்' ஜிக் என்று எழுதியதும் சரியானது.

வெளியே கிளம்பும் முன் ப்ராக் (/proc) அடைவில் உள்ள இன்டரப்ட்ஸ் கோப்பைத் திறந்து பாருங்கள். என் முதல் சீரியல் போர்ட்டுக்கு முன்பு 'ஜிக்-0 58' என்று இருந்தது, திருத்தியபின் 'ஜிபிசி 26'. எண் குறைந்ததே என்று பதற வேண்டாம், ஜிக் தன் முதல் 32 எண்களை வேறு வேலைக்கு வைத்திருக்கிறது. ட்ரீயில் எழுதுவது எப்போதும் 26தான். நான் இந்த ஒரு வரியைப் பார்த்திருந்தால் ஒரு பஸ் டிக்கெட் மிச்சம்.

அலையில் மிதவை துள்ளும் என்பதால், அந்தத் துள்ளலைக் கண்டுகொள்ளாமல் விடும் டிபவுன்ஸ் நேரத்தைக் கூட்டிக்கொண்டு மறுபடி தெற்குவாடி போனேன். அரை வாளி ஊற்றியதுமே சைரன் அலறியது. பக்கத்துப் படகில் வலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள்.

மாமா காதைப் பொத்திக்கொண்டு, "சரிப்பா, இத எப்படி அமத்துறது?" என்றார்.

அதற்கு நான் பொத்தான் வைக்கவில்லை. இரண்டு பேருமாக உட்கார்ந்து தண்ணீரை இறைத்தோம்.