காற்றும் சேர்ந்து ஆடும் களம்

கீழக்கரைக்குப் போகிறேன் என்று சென்னை நண்பரிடம் தொலைபேசியில் சொன்னபோது, "ஜல்லிக்கட்டு ஸ்டேடியம் பார்க்கவா?" என்று கேட்டார். அலங்காநல்லூருக்கு அருகே 2024 ஜனவரியில் திறக்கப்பட்ட ஏறுதழுவுதல் அரங்கம் இருப்பது மதுரை மாவட்டத்துக் கீழக்கரையில். நான் கிளம்பியதோ சீதக்காதி பிறந்த கடலோரக் கீழக்கரைக்கு, அதற்கும் கிழக்கே பெரியபட்டினம் செல்லும் வழியிலுள்ள ஒரு சிற்றூரில் நடக்கும் கைப்பந்து இறுதிப் போட்டியைப் பார்க்க. ஒரு கைப்பந்து ஆட்டத்துக்காகவா இவ்வளவு தூரம் என்று அவர் கேட்கும் முன்பே அழைப்பைத் துண்டித்துவிட்டேன்.

அன்று காலை இராமநாதபுரம் நகரில் சீதக்காதி சேதுபதி விளையாட்டரங்கத்தை ஒரு சுற்று நடந்து பார்த்திருந்தேன். வள்ளலின் பெயரையும் மன்னரின் பெயரையும் ஒரே பலகையில் எழுதிவைத்திருப்பதே அதன் அழகு. மதியம் திருப்புல்லாணி வழியாகப் பேருந்து பிடித்து, கீழக்கரையில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்து அந்த ஊரை அடைந்தபோது மணி நான்கைத் தாண்டியிருந்தது.

மே மாதக் கடைசி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் என்பதால், படகில் இருக்க வேண்டிய இளைஞர்கள் எல்லாரும் கரையில் இருந்தார்கள். களம் என்று அவர்கள் காட்டியது, பனைமரங்களுக்கும் கடலுக்கும் நடுவே தண்ணீர் தெளித்து இறுக்கிய ஒரு மணல் பட்டை. கோடுகளுக்குச் சுண்ணாம்பு இல்லை. படகில் கட்டும் நைலான் கயிற்றை 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம் அளந்து, முளையடித்து இழுத்துக் கட்டியிருந்தார்கள். கரையேற்றிவைத்த வத்தை எனும் நாட்டுப்படகுகளும் பைபர் படகுகளுமே பார்வையாளர் மாடம். ஒரு வத்தையின் முன்பகுதியான அணியத்தில் எனக்கும் கொஞ்சம் இடம் ஒதுக்கினார்கள்.

ஆட்டம் தொடங்கக் கால் மணி நேரம் இருக்கும்போது, நடுவலையில் ஒரு கை நுழையும் அளவுக்குக் கிழிசல் இருப்பதை நடுவர் பார்த்துவிட்டார். யாரும் பதறவில்லை. வெற்றிலை மென்றுகொண்டிருந்த ஒரு பெரியவர் எழுந்து வந்தார். இடுப்பு மடியிலிருந்து வலை பின்னும் ஊசியை எடுத்தார். அறுந்த கண்களின் ஓரத்தை விரலால் எண்ணிப் பார்த்துவிட்டு, பேச்சை நிறுத்தாமலேயே முடிச்சுப் போட்டுக்கொண்டு போனார். ஐந்து நிமிடத்தில் கிழிசல் இருந்த இடம் தெரியவில்லை. வலைக்குப் பேர்போன ஊரில் விளையாட்டு வலை மட்டும் கிழிந்து தொங்குமா என்ன.

இந்தக் களத்தின் விசேஷம் அது கிடக்கும் திசையில் இருக்கிறது. மாலை வெயில் கண்ணில் படாமலிருக்க, திறந்தவெளிக் களங்களை வடக்கு தெற்காக அமைப்பதே வழக்கம். இங்கே கரை குறுகலாக இருப்பதால் களம் கிழக்கு மேற்காகத்தான் கிடக்க முடியும். ஆகவே கிழக்குப் பக்கம் நிற்கும் அணிக்கு வெயிலும் முகத்தில் அடிக்கும், மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்றும் முகத்தில் அடிக்கும். பாவம் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். ஊசிக்காரப் பெரியவர் என் பக்கத்தில் வந்து அமர்ந்து, "தம்பி, வெயிலப் பாக்காதிய, காத்தப் பாருங்க" என்றார்.

பார்த்தேன். உள்ளூர் அணி பூவா தலையாவில் வென்று, கேட்டு வாங்கியது அந்தக் கிழக்குப் பக்கத்தைத்தான். எதிர்க்காற்றில் எவ்வளவு ஓங்கி சர்வீஸ் அடித்தாலும் பந்து எல்லை தாண்டாமல், கடைசி நேரத்தில் கல் விழுவதுபோல் விழுகிறது. மேற்கிலிருந்து அடித்த வெளியூர் அணிக்கோ, முதுகில் காற்று இருந்ததால் பந்து மிதந்து மிதந்து கயிற்றைத் தாண்டிப் போனது. சிறுவர்கள் அலைக்குள் ஓடி அதை எடுத்து வந்தார்கள். முதல் செட் 25க்கு 17. பக்கம் மாறியதும் உள்ளூர் ஆட்டக்காரர்கள் சர்வீஸை ஓங்கி அடிப்பதையே விட்டுவிட்டு, தாழ்வாகத் தட்டி அனுப்பத் தொடங்கினார்கள். அதற்குள் வெளியூர்க்காரர்களுக்கும் காற்றின் கணக்கு பிடிபட்டுவிட்டதால், இரண்டாவது செட் அவர்களுக்குப் போனது.

பெரிய அரங்குகளில் எனக்குக் கிடைக்காதது இதுதான். அங்கே களத்துக்கென்று ஒரு குணம் இருந்துவிடக் கூடாது என்பதற்காகவே அத்தனை செலவும் செய்யப்படுகிறது. 2014இல் தொடங்கிய புரோ கபடியில் எந்த நகரத்துக்குப் போனாலும் அதே கூரை, அதே 13க்கு 10 மீட்டர் விரிப்பு. ஆட்டம் நேர்மையாக நடக்க அது தேவை என்பதை மறுக்கவில்லை. மண்ணில் முட்டி தேய்ந்தவர்களுக்கு அந்த விரிப்பின் அருமை தெரியும். ஆனால் ஒருமுறை அப்படி ஓர் உள்ளரங்கில் தூண் மறைக்கும் இருக்கை கிடைத்து, வாசலில் தண்ணீர் பாட்டிலையும் பறிகொடுத்து, ஒரு மணி நேரம் தொங்குதிரையை மட்டுமே பார்த்துத் திரும்பியவன் நான். 1916இல் உருவான சேப்பாக்கம் மைதானத்தை 2011 உலகக் கோப்பைக்காகப் புதுப்பித்தவர்கள், மாடங்களுக்கு இடையே காற்று நுழைய இடைவெளி விட்டுக் கட்டினார்கள் என்பதை இங்கே நன்றியோடு சொல்ல வேண்டும். அங்கே திட்டமிட்டு உள்ளே அழைத்த கடற்காற்று, இந்த மணலில் கேளாமலே ஆட்டத்தில் சேர்ந்துகொள்கிறது.

எல்லாம் சிறப்பு என்று எழுதினால் பொய்யாகிவிடும். கழிப்பறை கிடையாது. பெண்களுக்கென்று ஓரிடமும் ஒதுக்கப்படவில்லை. அவர்கள் ஓலை வேலிக்குப் பின்னாலும் மொட்டைமாடிகளிலும் நின்றே பார்த்தார்கள். ஒலிபெருக்கியில் பேசியவர் புள்ளிகளைச் சொன்னதைவிட நன்கொடையாளர் பெயர்களைச் சொன்னதே அதிகம்.

மூன்றாவது செட் தொடங்கும் முன் அந்தித் தொழுகைக்கான மஃரிபு பாங்கு ஒலித்தது. இரு அணியினரும் பந்தை அப்படியே மணலில் வைத்துவிட்டு ஒதுங்கினார்கள். தொழச் சென்றவர்கள் திரும்பும்வரை மற்றவர்கள் படகோரம் அமர்ந்து தண்ணீர் குடித்தார்கள். அதற்குள் ஜெனரேட்டர் உறுமி, மூங்கில்களில் கட்டிய விளக்குகள் எரியத் தொடங்கின. வெயில் போய்விட்டது, காற்று மட்டும் போகவில்லை. கடைசி செட் 15 புள்ளிகளுக்கு. ஓர் அணி 8 எடுத்ததும் பக்கம் மாற வேண்டும். உள்ளூர் அணி 8க்கு 5 என்று முன்னிலையில் இருந்தபோது பக்கம் மாறியது. காற்று இப்போது வெளியூர் அணியின் முகத்தில். அவர்களில் நெட்டையான ஒருவர், மாலை முழுவதும் எதிரணி செய்ததைப் பார்த்துவைத்திருந்தவர்போல, முழுப் பலத்தோடு ஓங்கி அடித்தார். பந்து எல்லைக் கயிற்றுக்கு ஒரு சாண் உள்ளே செங்குத்தாக இறங்கியது. தொடர்ந்து நான்கு புள்ளிகள். 15க்கு 12 என்று வெளியூர் அணி கோப்பையை வாங்கியபோது, "படிச்சிட்டான்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பெரியவர் எழுந்தார்.

பரிசளிப்பு முடிவதற்கு முன்பே இரண்டு பையன்கள் முளைகளைப் பிடுங்கி, கோடாகக் கிடந்த கயிற்றைச் சுருட்டத் தொடங்கிவிட்டார்கள். என்ன அவசரம் என்று கேட்டேன். தடைக்காலம் விசைப்படகுகளுக்குத்தான்; அந்தக் கயிற்றுக்குச் சொந்தமான நாட்டுப்படகு விடியற்காலை மூன்று மணிக்குக் கடலுக்குப் போக வேண்டுமாம்.