ஏற்காடு மலைப்பாதையும் சுத்திக்கிட்டே இருந்த வட்டமும்

சேலம் புது பஸ் ஸ்டாண்ட்ல ஏறி அஸ்தம்பட்டி, கோரிமேடு தாண்டி அடிவாரம் வர்ற வரைக்கும் பஸ்ல எல்லாரும் கலகலன்னு பேசிட்டுதான் வந்தாங்க, கொண்டை ஊசி வளைவு ஆரம்பிச்சதும் சத்தம் அப்படியே அடங்கிடுச்சு. முன் சீட்ல ஒரு சின்னப் பொண்ணு, ஆறு ஏழு வயசு இருக்கும், எலுமிச்சம்பழத்த மூக்குக்கிட்ட வச்சுக்கிட்டு "இன்னும் எவ்ளோ தூரம்மா"ன்னு அனத்திக்கிட்டே இருந்துச்சு. அவங்கம்மா ஜன்னலுக்கு வெளிய கைய காட்டி, "அங்க பாரு சாமி, 13/20ன்னு போட்டிருக்கு பாத்தியா, இன்னும் ஏழே ஏழுதான்"னாங்க. அவ்வளவுதான், அடுத்த போர்டு எங்க வருதுன்னு தேடி, 14, 15ன்னு சத்தமா எண்ண ஆரம்பிச்சிடுச்சு. வளைவு ஒண்ணும் குறையல, வயித்தப் பிரட்டுறதும் நிக்கல, ஆனா எங்க இருக்கோம், எவ்ளோ பாக்கின்னு தெரிஞ்சதும் அந்தக் குழந்தையால தாங்க முடிஞ்சுது.

நான் ஆப்களுக்கு ஸ்கிரீன் டிசைன் பண்ற வேலையில இருக்கேன், அதனால எனக்கு அந்த போர்டு புரோகிரஸ் பாராத்தான் தெரிஞ்சுது. 1985ல பிராட் மையர்ஸ்னு ஒருத்தர் இதப்பத்தியே ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்காரு, எத்தனை சதவீதம் முடிஞ்சிருக்குன்னு காட்டுற பார் இருந்தா மக்களுக்கு எப்படி இருக்குன்னு சோதிச்சுப் பாத்திருக்காரு, பெரும்பாலானவங்க பார் இருக்கறதையே விரும்பியிருக்காங்க. வேலை வேகமா நடக்கணும்னு கூட இல்லைங்க, நடந்துக்கிட்டு இருக்குன்னு தெரிஞ்சா போதும்.

ஆரம்பத்துல கம்ப்யூட்டர் கிட்ட இந்த மாதிரி எதுவுமே கிடையாது. அட்டையில ஓட்டை போட்டு, அந்த அட்டைக் கட்ட கவுண்டர்ல குடுத்துட்டுப் போயிடணும், ரிசல்ட் வர பல மணி நேரம் ஆகும், ஒரு கமா தப்பாயிருந்தா மறுபடி முதல்லேருந்து. 1963ல ஐவன் சதர்லாண்ட் அமெரிக்காவுல எம்ஐடியில ஸ்கெட்ச்பேட்னு படம் வரையற புரோகிராம் செஞ்சப்பதான் லைட் பென்னுங்கற பேனா மாதிரி கருவிய வச்சு ஸ்கிரீன்ல கோடு போட்டா அது கண்ணு முன்னாடியே உடனே வந்துச்சு. 1968 டிசம்பர் 9ஆம் தேதி டக்ளஸ் எங்கல்பர்ட் சான் பிரான்சிஸ்கோவுல மவுஸ கையில புடிச்சு எல்லார் முன்னாடியும் செஞ்சு காட்டினாரு. அப்புறம் ஸ்கிரீன்ல இருக்கறத மவுஸால கிளிக் பண்ற கம்ப்யூட்டருங்க, ஜெராக்ஸ் ஆல்ட்டோ 1973, ஆப்பிளோட மெக்கின்டாஷ் 1984, இதெல்லாம் நிறைய பேருக்குத் தெரிஞ்ச கதை. இந்த வரலாறு முழுக்க எனக்குத் தெரியறது ஒரே விஷயம்தான், மெஷின் உள்ள என்ன நடக்குதுங்கறத வெளிய இருக்கற மனுஷனுக்கு ஒளிக்காம சொல்ல வைக்கறதுக்கு எத்தனை பேர் ஆயுசக் குடுத்து உழைச்சிருக்காங்க!

மேல ஏரியெல்லாம் வழக்கம்போல கூட்டம், அதனால நேரா பகோடா பாயிண்ட் போயிட்டேன். சில்வர் ஓக் மரத்துல மிளகுக்கொடி ஏறி நிக்க, கீழ காப்பிச் செடி, நல்ல குளிர். அங்க ஒரு அம்மா கிட்ட மிளகா பஜ்ஜியும் ரெண்டு பட்டர் ஃப்ரூட்டும் வாங்கிட்டு ஸ்கேன் பண்ணேன். நெட் சிக்னல் சரியா இல்ல. வட்டம் சுத்துது, சுத்துது, சுத்திக்கிட்டே இருக்கு. என் அக்கவுண்ட்ல பணம் எடுத்தாச்சுன்னு மெசேஜ் மட்டும் வந்துடுச்சு.

"என்ன கண்ணு, போச்சா போவலயா?"

"எனக்குப் போயிடுச்சுங்கம்மா, உங்களுக்கு வந்துச்சான்னு தெரியல."

"பொட்டி இன்னும் பேசலயே"ன்னாங்க. எண்ணெய்ச் சட்டி பக்கத்துல இருந்த ஸ்பீக்கர் பொட்டியத்தான் சொன்னாங்க. கைநெறைய மாவு, போன எடுத்துப் பாக்க முடியாது, அவங்களுக்கு அந்தப் பொட்டி சொன்னாத்தான் பணம். என் போன்ல பச்சை டிக் வந்திருந்தாலும் நம்பியிருக்க மாட்டாங்க, அது ரொம்ப சரியும் கூட.

1979 மார்ச் 28, அமெரிக்காவுல த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்துல ஒரு வால்வு மூடாம சிக்கிக்கிச்சு. கன்ட்ரோல் ரூம்ல இருந்த விளக்கு மூடச்சொல்லி சிக்னல் போனத மட்டும்தான் காட்டுச்சு, வால்வு நிஜமா மூடுச்சாங்கறத காட்டவே இல்ல. விளக்கப் பாத்தவங்க மூடிடுச்சுன்னே நெனச்சாங்க, ரியாக்டர குளிர வைக்கற தண்ணி 2 மணி நேரத்துக்கும் மேல வெளியேறிக்கிட்டே இருந்திருக்கு, கடைசியில ரியாக்டர் உள்ள எரிபொருள்ல ஒரு பகுதி உருகிப்போச்சு. ஆபரேட்டருங்க மேல மட்டும் பழி போடறது எனக்கு ஏத்துக்கவே முடியல, அந்த விளக்க அப்படி வச்சவங்கள யாரு கேக்கறது?

பஜ்ஜிக் கடையில உசுரு போற விஷயம் ஒண்ணும் இல்லதான். ஆனா செய்யச் சொன்னதையும் நடந்ததையும் ஒண்ணுன்னு காட்டக்கூடாதுங்கற பாடம் அங்கயும் அதேதான். யூபிஐ 2016ல வந்துச்சு, இப்ப மலை மேல வரைக்கும் பரவியிருக்கு, ரொம்பப் பெரிய விஷயம், அதுல எனக்கு நெஜமாவே பெருமை. ஆனா அந்த சுத்தற வட்டத்த எடுத்துடணும்னு எனக்கு ரொம்ப ஆசை. "உங்க பேங்க்லேருந்து கிளம்பிடுச்சு", "கடைக்காரர் பேங்க் இன்னும் வாங்கல", "வரலன்னா பணம் உங்களுக்கே திரும்பிடும், மறுபடி அனுப்ப வேணாம்", இந்த மாதிரி தமிழ்ல, பெரிய எழுத்துல, நடக்க நடக்க ஒவ்வொண்ணா காட்டினா அந்த அம்மாவும் நானும் அடுப்பு முன்னாடி ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாத்துக்கிட்டு நிக்க வேண்டியதில்ல.