புகையை விட்டாச்சு, நிகோடினை இன்னும் விடவில்லை

முப்பது வருஷத்துக்கு மேல் சிகரெட் பிடித்தவன் நான், இப்போது பிடிப்பதில்லை. தெரிந்தவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது எப்படி நிறுத்தினீர்கள் என்று. வேப், அதாவது பேட்டரியில் ஓடுகிற இ-சிகரெட், என்று சொன்னதும் அடுத்த கேள்வி, எனக்கும் ஒன்று வாங்கித் தர முடியுமா. ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்வதை விட இங்கே எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. இரண்டாவது கேள்விக்குப் பதில் முடியாது என்பதுதான். இந்தியாவில் 2019-லிருந்து இ-சிகரெட் தயாரிப்பது, விற்பது, வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவது எல்லாமே குற்றம். அதைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

மதுரை தெற்கு மாசி வீதிப் பக்கம் எனக்குச் சின்னதாக ஒரு அச்சகம். கல்யாணப் பத்திரிகை, பில் புக், காதுகுத்து நோட்டீஸ், சித்திரைத் திருவிழா நேரத்தில் மண்டகப்படிக்காரர்களின் அழைப்பிதழ், இப்படி ஓடுகிற தொழில். காகிதமும் மை துடைக்கிற தின்னரும் இருக்கிற இடத்தில் தீக்குச்சி கிழிக்க முடியாது, அதனால் சிகரெட் என்றால் தெருமுனை டீக்கடைக்குப் போக வேண்டும். புரூஃப் பார்த்து முடித்தால் ஒரு டீ ஒரு தம், பிளேட் வரத் தாமதமானால் ஒரு தம், கஸ்டமர் பத்திரிகையில் சித்தப்பா பெயர் விட்டுப்போச்சு என்று கத்திவிட்டுப் போனால் ஒரு தம். நான் திரும்புவதைப் பார்த்ததுமே கடைக்காரத் தம்பி கிளாஸைக் கழுவ ஆரம்பித்துவிடுவார். அண்ணே என்று நீட்டுவார், வாங்கிக்கொள்வேன், பேச்சே இருக்காது.

நான் பாக்கெட்டாக வாங்கியதே இல்லை. நம் ஊரில் பாதிப் பேர் அப்படித்தான், ஒன்று ஒன்றாகச் சில்லறையில் வாங்குகிறவர்கள். 2016-லிருந்து பாக்கெட்டின் 85 சதவீதத்துக்குப் புற்றுநோய்ப் படமும் எச்சரிக்கை வாசகமும் போட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, நல்ல சட்டம்தான், ஆனால் கடைக்காரர் உருவிக் கொடுக்கிற ஒற்றைச் சிகரெட்டில் எந்தப் படமும் கிடையாது. ஒரு நாளைக்கு எத்தனை ஆகிறது என்ற கணக்கும் அப்படி வாங்குகிறவனுக்குத் தெரியாது. 2008 அக்டோபர் 2-ல் பொது இடத்தில் பிடிக்கக் கூடாது, 200 ரூபாய் அபராதம் என்று வந்தபோது எல்லாரும் கொஞ்ச நாள் கடைக்குப் பின்னால் நின்று பிடித்தோம். அப்புறம் மறுபடி முன்னால் வந்துவிட்டோம்.

மன உறுதி இல்லாதவனால்தான் நிறுத்த முடியாது என்று சொல்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சபரிமலைக்கு மாலை போட்ட வருஷங்களில் ஒரு மண்டலம் முழுக்க நான் தொட்டதில்லை. என்னைப் போல மதுரையில் ஆயிரக்கணக்கான பேர் இருப்பார்கள். மாலை கழுத்தில் இருக்கும்வரை ஆசை வந்தாலும் கை போகாது, கழற்றி வைத்த பிறகு நாலு நாளில் டீக்கடையில் நிற்போம். உறுதி இருந்தது. விரதம் முடியும் என்று உடம்புக்கும் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

சரி, வேப் கதைக்கு வருகிறேன். மகள் இங்கிலாந்தில், பர்மிங்காமில் இருக்கிறாள். அவளுடைய பிரசவத்துக்காக நானும் மனைவியும் போயிருந்தோம். அப்போது அங்கே சிகரெட் விலை பாக்கெட் 14, 15 பவுண்டு, நம் பணத்தில் கணக்குப் போட்டால் தலை சுற்றும். அதைக்கூட தாங்கியிருப்பேன். பேத்தி பிறந்து வீட்டுக்கு வந்த அன்றைக்கு மகள் என்னை உட்கார வைத்துச் சொன்னாள்: “அப்பா, வெளியே போய்ப் பிடிச்சாலும் சட்டையில, கையில, தாடியில எல்லாம் அது ஒட்டியிருக்கு. குளிச்சு மாத்திட்டு வந்தாத்தான் பிள்ளையைத் தரமுடியும்.” கோபமாகச் சொல்லவில்லை. அந்தக் குளிரில் ஒவ்வொரு தம்முக்கும் ஒரு குளியல் என்றால் யாரால் முடியும்? மாப்பிள்ளைதான், “மாமா, இங்க டாக்டர்களே சிகரெட்டை விடறதுக்கு வேப் அடிக்கச் சொல்றாங்க, ஒரு தடவை பாருங்க” என்று கூட்டிக்கொண்டு போனார்.

கடையில் இருந்த பெண் முதலில் கேட்டது, காலையில் கண் விழித்து எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட் என்று. பல் தேய்க்கும் முன்பே என்று மாப்பிள்ளை சொன்னார். ஒரு நாளைக்கு எத்தனை என்பதை விட அந்த முதல் சிகரெட்டின் நேரம்தான் ஒருவன் நிகோடினுக்கு எவ்வளவு அடிமை என்று காட்டுமாம், டாக்டர்களும் அதைத்தான் கேட்பார்கள் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அங்கே ஒரு மில்லிக்கு 20 மில்லிகிராம் நிகோடின்தான் சட்டம் அனுமதிக்கிற உச்சம். அதிலேயே ஆரம்பிக்கச் சொன்னார். மகளுக்கு அது பிடிக்கவில்லை, குறைவாக எடுங்கள் என்றாள். ஆனால் அந்தப் பெண் சொன்னதுதான் சரியாக இருந்தது. நிறையப் பிடித்தவன் 3, 6 என்று குறைவாக எடுத்தால் ஏக்கம் அடங்காது, சாயங்காலத்துக்குள் சிகரெட் வாங்கப் போய்விடுவான்.

பழகக் கொஞ்சம் பொறுமை வேண்டும். சிகரெட்டைச் சுருக்கென்று இழுப்போமே, அப்படி இழுத்தால் இருமல்தான் வரும், இதை மெதுவாக, நீளமாக இழுக்க வேண்டும். திரவத்தை ஊற்றியதும் சில நிமிஷம் அப்படியே வைக்க வேண்டும், உள்ளே இருக்கிற பஞ்சு ஊறாமல் இழுத்தால் கருகின நாற்றம் அடித்து, சூடாக்குகிற அந்தக் கம்பிச் சுருளே (காயில் என்பார்கள்) வீணாகிவிடும். புகையிலைச் சுவை என்று விற்பது புகையிலை மாதிரியே இல்லை. நான் புதினாவுக்கு மாறினேன், அதற்கப்புறம் சிகரெட் சுவையே ஞாபகத்தில் பின்னால் போய்விட்டது. இருமல் முதலில் கூடியது, சளி நிறைய வந்தது, பயந்தேன். புகை நின்றதும் நுரையீரல் குழாய்களில் இருக்கிற மெல்லிய இழைகள் மறுபடி வேலை செய்து அழுக்கைத் தள்ளுவதால் சிலருக்கு அப்படி ஆகுமாம். பிறகு அடங்கியது. மாடிப்படி ஏறும்போது நடுவில் நிற்பதில்லை என்பதை என் மனைவிதான் முதலில் கவனித்தாள்.

எனக்குப் புரிந்த விஷயத்தை நேராகச் சொல்கிறேன். நம்மைக் கட்டிப் போடுவது நிகோடின், நம்மைக் கொல்வது பெரும்பாலும் எரிகிற புகை. புகையிலை எரியும்போது தார் வருகிறது, கார்பன் மோனாக்சைடு வருகிறது, ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட ரசாயனங்கள், அதில் 70 வரை புற்றுநோய் உண்டாக்குபவை. வேப்பில் எதுவும் எரிவதில்லை. புரோப்பிலீன் கிளைக்காலும் கிளிசரினும் நிகோடினும் சுவையும் கலந்த திரவத்தைப் பேட்டரி சூடாக்கி ஆவி மாதிரி ஆக்குகிறது. 2003-ல் இதை உருவாக்கிய ஹான் லிக் என்ற சீன மருந்தாளுநரே கடும் புகைப்பழக்கம் உள்ளவர், அவருடைய அப்பா நுரையீரல் புற்றுநோயில் இறந்தவர். இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை 2015-ல் சிகரெட்டை விட 95 சதவீதம் தீங்கு குறைவு என்று சொன்னது. அந்த எண்ணை ஏற்காத மருத்துவர்களும் உண்டு, உலக சுகாதார நிறுவனமும் வேப்பை ஆதரிப்பதில்லை. எண் எதுவாக இருந்தாலும், சிகரெட் பிடிப்பதை விடக் குறைவான தீங்கு என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. தீங்கே இல்லை என்று மட்டும் யாரும் நினைக்க வேண்டாம். இதயத்துடிப்பும் ரத்த அழுத்தமும் நிகோடினால் ஏறும், முப்பது வருஷம் வேப் பிடித்தவன் நுரையீரல் எப்படி இருக்கும் என்று சொல்ல இந்தப் பொருளுக்கே இன்னும் வயசாகவில்லை. பிடிக்காதவன் தொடவே கூடாது.

இன்னொரு தொல்லை யாரும் சொல்லித்தராதது. சிகரெட்டுக்கு ஒரு முடிவு உண்டு, பஞ்சு வரை எரிந்தால் கீழே போட்டு மிதித்துவிட்டு வேலைக்குத் திரும்புவோம். வேப்புக்கு முடிவே கிடையாது, பாக்கெட்டில் இருக்கிறது, வீட்டுக்குள்ளேயே இழுக்கலாம் என்று ஆகிவிடும். அதனால் நான் ஒரு விதி வைத்துக்கொண்டேன்: பால்கனியில் நின்றுதான், சிகரெட் பிடித்திருப்பேன் என்ற நேரத்தில்தான். அது இருந்ததால்தான் 20-லிருந்து 10, 10-லிருந்து 5 என்று இறங்க முடிந்தது.

ஊருக்குத் திரும்பும்போது அதை மகள் வீட்டிலேயே கொடுத்துவிட்டு வந்தேன். லண்டன் ஹீத்ரோவில் விமானம் ஏறி, கொழும்பில் மாறி, மதுரையில் இறங்கினோம். அவனியாபுரம் தாண்டுவதற்குள் எத்தனை பெட்டிக்கடையில் சிகரெட் தொங்குகிறது என்று பார்த்துக்கொண்டே வந்தேன். எனக்கு மனசு ஆறவில்லை. முதல் தடவை விற்றால் ஒரு வருஷம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும், இருப்பு வைத்தாலே ஆறு மாதம் வரை சிறை என்கிறது இ-சிகரெட் தடைச் சட்டம். என்னை முப்பது வருஷம் இருமவைத்த பொருளுக்கு அந்தத் தடை கிடையாது, பள்ளிக்கூடத்திலிருந்து நூறு கெஜம் தள்ளி விற்கச் சொல்வது மாதிரியான கட்டுப்பாடுகளோடு சரி.

சட்டம் போட்டவர்களின் கவலையை நான் மறுக்கவில்லை. மாம்பழச் சுவை, பபிள்கம் சுவை, பேனா மாதிரி வடிவம் என்றால் எட்டாவது படிக்கிற பையன் எடுத்துப் பார்க்காமல் இருப்பானா? இங்கிலாந்திலேயே இந்தத் தொல்லை தாங்காமல்தான் ஒருதடவை பிடித்துத் தூக்கிப்போடுகிற வேப்பை 2025 ஜூன் 1 முதல் தடை செய்தார்கள். கடையில் தொங்கவிட வேண்டாம், விளம்பரம் வேண்டாம். ஆனால் ஐம்பது வயது தாண்டி, எல்லாம் முயன்றும் முடியாதவனுக்கு டாக்டர் சீட்டு எழுதி மருந்துக்கடையில் கொடுக்கிற ஒரு வழியாவது இருக்க வேண்டும் என்பது என் கருத்து. வேப் வழியாக நிறுத்துகிறவர்கள் நிகோடின் சூயிங்கம், தோலில் ஒட்டுகிற நிகோடின் பட்டை வழியாக நிறுத்துகிறவர்களை விட அதிகம் என்று காக்ரேன் மருத்துவ ஆய்வுத் தொகுப்பும் சொல்கிறது.

அதுவரை திருட்டுத்தனமாக வருவதை வாங்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். 2019-20-ல் அமெரிக்காவில் வேப் பிடித்து நுரையீரல் பாதித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெரும்பாலும் காரணம், கடைக்கு வெளியே கைமாறிய கஞ்சாச் சத்துக் குப்பிகளில் கலந்திருந்த வைட்டமின் இ அசிட்டேட். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத திரவத்தை நெஞ்சுக்குள் இழுப்பதற்காகவா சிகரெட்டை விடுகிறோம்?

இப்போது நான் மெல்லுவது நிகோடின் சூயிங்கம். 2 மில்லிகிராம் மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமலே கொடுக்கிறார்கள், 4-க்குச் சீட்டு கேட்பார்கள். சாதாரண சூயிங்கம் மாதிரி மென்றால் விக்கலும் நெஞ்சு எரிச்சலும்தான் மிச்சம். மிளகு கடித்த மாதிரி காரம் ஏறும்வரை மெதுவாக மென்று, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கிவிட வேண்டும், காரம் அடங்கினால் மறுபடி நாலு மெல்லல், இப்படி அரை மணி நேரம். காபி, ஜூஸ், சோடா குடித்த கால் மணி நேரத்துக்குப் போடக் கூடாது, நிகோடின் ஏறாது. வாயில் இருக்கும்போது எதையும் குடிக்கவும் கூடாது. டீயையும் தம்மையும் சேர்த்தே பழகிய எனக்கு இதுதான் பெரிய உதவியாகிவிட்டது, இரண்டும் தனித்தனியாகப் பிரிந்துவிட்டன. நிகோடின் கிடைக்கிறது, கைக்குத்தான் வேலை இல்லை. வேப் இருந்தபோது கைக்கும் வாய்க்கும் வேலை இருந்தது, சூயிங்கம் அதைத் தருவதில்லை, கஸ்டமர் கத்திவிட்டுப் போகிற நாளில் இன்னும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. அப்படி ஒரு நாளில்தான் 1800-11-2356-க்குக் கூப்பிட்டேன், சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சடித்திருக்கிற இலவச எண், தமிழிலும் பேசுகிறார்கள். திட்டவில்லை, அறிவுரையும் சொல்லவில்லை, எந்த நேரத்தில் தோன்றுகிறது என்று கேட்டு அந்த நேரத்துக்கு என்ன செய்யலாம் என்று பேசினார்கள்.

உசிலம்பட்டியில் இருக்கிற என் மைத்துனர் பீடிக்காரர். “மச்சான், உங்க மககிட்டச் சொல்லி ஒன்னு வரவைங்க, வேற எதும் எனக்குச் சரிப்படாது” என்று போனிலேயே நிற்கிறார். வரவைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். வருகிற திங்கட்கிழமை மதுரைக்கு வரச் சொல்லியிருக்கிறேன், டாக்டரிடம் நானே கூட்டிக்கொண்டு போகிறேன், அவருக்கு 4 மில்லிகிராம் தேவைப்படும் என்று நினைக்கிறேன்.