பழைய பயணிகள் படகை மாலத்தீவுக்கு அனுப்பத் தயார் செய்வது: சின்னமுட்டத்து அனுபவம்

கன்னியாகுமரிக் கரையிலிருந்து விவேகானந்தர் பாறைக்கு அரை கிலோமீட்டர் தூரம்தான். அந்த மாதிரி துறைக்கென்று கட்டின படகில் எஞ்சின் முழுச் சூடு ஏறுவதற்குள் ஜெட்டி வந்துவிடும். இருபது வருஷம் ஓடியிருந்தாலும் அதன் கோளாறில் பாதி வெளியே தெரிந்திருக்காது. அதே படகை வாங்கினவர்களுக்காக மாலே வரை ஓட்டிக்கொண்டு போகவேண்டும் என்றால், தூத்துக்குடியில் கிளியரன்ஸ் வாங்கிக் குமரிமுனையைச் சுற்றிப் போக ஏறக்குறைய 400 கடல் மைல். 8 நாட் (மணிக்கு 8 கடல் மைல்) வேகத்தில் 50 மணி நேரம் எஞ்சின் நிற்கக் கூடாது.

நாங்கள் தயார் செய்த படகு 19 மீட்டர் நீளம், 5.5 மீட்டர் அகலம், இரும்பு உடல், இரண்டு தளம், 150 குதிரைத்திறனில் இரண்டு எஞ்சின், 800 லிட்டர் டீசல் டேங்க். கிட்டத்தட்ட இதே அளவில் உள்ள எந்தச் சவாரிப் படகுக்கும் கீழே சொல்வது பொருந்தும்.

முதலில் காலத்தைப் பார்க்கவேண்டும். ஏப்ரல் 15-இல் கிழக்குக் கடற்கரை மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டால் சின்னமுட்டம் மீன்பிடித் துறைமுகத்து விசைப்படகுகள் எல்லாம் பராமரிப்புக்குக் கரையேறும். படகைக் கரையேற்றும் சரிவுத் தளமான ஸ்லிப்வேயில் இடம் கிடைக்காது, வெல்டரும் ஆசாரியும் கிடைக்கமாட்டார்கள், கிடைத்தாலும் கூலி வேறு. ஜூன் வந்தால் கச்சான் காற்று, அதாவது தென்மேற்குப் பருவக்காற்று. டிசம்பர், ஜனவரியில் மன்னார் வளைகுடாவிலிருந்து வாடை அடித்து முனைக்கு வெளியே கடலைக் கலக்கிக்கொண்டிருக்கும். ஜனவரியில் கரையேற்றி, பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் கடைசிக்குள் புறப்படுவதுதான் உத்தமம். ஏப்ரலில் கள்ளக்கடல் (காற்றில்லாமலே திடீரென்று எழும் பேரலை) எச்சரிக்கைகளும் ஆரம்பித்துவிடும்.

கரையேற்றினதும் அடிப்பாகத்தைச் சுரண்டிக் கழுவிவிட்டு அல்ட்ராசோனிக் கருவியால் தகட்டுக் கனம் எடுக்க வேண்டும். 6 மி.மீ. தகடு 4.5-க்குக் கீழே போயிருந்தால் வெட்டி மாற்றுவது வழக்கம். நீர்மட்டக் கோட்டை ஒட்டியும், எஞ்சின் அறையில் எண்ணெயும் தண்ணீரும் தேங்கும் மூலையிலும்தான் அதிகம் தின்றிருக்கும். நடு அடியில் பத்து இடம் அளந்து காட்டிவிட்டு அந்த மூலைகளை விட்டுவிடும் ஆட்கள் உண்டு. பக்கத்தில் நின்று பார்க்கவேண்டும். பழைய தகட்டின் மேலேயே ஒட்டு வைப்பதைச் சர்வேயர் ஏற்கமாட்டார், ஏற்கவும் கூடாது.

கடல்நீர் வால்வுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி உட்காரும் முகத்தைத் தேய்த்து மாட்டவேண்டும். சவாரிப் படகில் இவற்றை வருஷக்கணக்கில் யாரும் மூடியிருக்கமாட்டார்கள். நடுக்கடலில் குழாய் வெடித்து மூடப்போனால் கைப்பிடி மட்டும் தனியே சுற்றும். இரும்பு அரிக்காமலிருக்கத் தான் கரையும் துத்தநாக ஆனோடு பாதி தேய்ந்திருந்தால் மாற்றிவிடலாம். தண்டு வெளியேறும் இடத்தில் தண்ணீர் உள்ளே வராமல் அடைக்கும் கிளாண்டு பேக்கிங்கைப் பழசு ஒரு வளையம்கூட மிச்சமில்லாமல் எடுத்துவிட்டு, புதிய வளையங்களைச் சாய்வாக வெட்டி, மூட்டுகள் ஒரே நேர்கோட்டில் வராதபடி மாற்றி மாற்றி இறக்கவேண்டும். தண்ணீரே சொட்டாமல் இறுக்குவதைப் பெருமையாக நினைக்கிறார்கள். தண்டு ஓடும்போது நிமிஷத்துக்குச் சில சொட்டு விழுந்தால்தான் அது குளிரும்.

அடுத்தது ஜன்னல். பயணிகள் படகு என்றால் சுற்றிலும் ஜன்னல்தான். ஒரு கன மீட்டர் கடல்நீர் ஒரு டன்னுக்குக் கொஞ்சம் மேல். அது அலையாக எழுந்து வந்து அடித்தால் கண்ணாடி தாங்காது. முன்பக்கம் பார்க்கும் திறப்புகளுக்கு 4 மி.மீ. இரும்புத் தகடு. பக்கவாட்டில் 18 மி.மீ. மெரைன் பிளைவுட், திறப்பைவிட நாலு பக்கமும் 50 மி.மீ. பெரிதாக வெட்டி, ஓரத்தில் ரப்பர் பட்டை ஒட்டி, வெளியிலிருந்து வைக்கவேண்டும். சட்டத்தில் ஸ்க்ரூ அடிக்க வேண்டாம், துளை துருப்பிடிக்கும், வாங்கினவர் சண்டைக்கு வருவார். உள்பக்கம் ஜன்னலுக்குக் குறுக்கே ஒரு கட்டை வைத்து, 12 மி.மீ. மறைபோட்ட கம்பியால் பலகையையும் கட்டையையும் இழுத்து இறுக்கினால் போதும். முடிந்ததும் தீயணைப்புக் குழாயால் வெளியே பீய்ச்சி அடித்து, உள்ளே ஒருவர் டார்ச்சோடு நின்று கசிவைக் குறிக்கவேண்டும். படகை ஓட்டும் அறையான வீல்ஹவுஸுக்குப் பாலிகார்பனேட்.

எல்லாத் திறப்பையும் மூடுகிற அதே வேகத்தில் மூடக்கூடாததையும் மூடிவிடுவார்கள். தளத்தின் கைப்பிடிச் சுவருக்கு அடியில் தண்ணீர் வடியும் வாய்கள் இருக்கும். சவாரியின்போது பயணிகள் கால் நனைகிறது என்று பலர் அவற்றைத் தகடு வைத்து அடைத்திருப்பார்கள். அவற்றைத் திறந்துவிட்டே ஆகவேண்டும். 10 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலமுள்ள தளத்தில் முழங்கால் அளவுகூட வேண்டாம், 30 செ.மீ. தண்ணீர் நின்றாலே 12 டன். அது ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும்போது அடுத்த அலை வந்தால் படகு எழும்பாது.

டேங்கின் காற்றுக் குழாய், எஞ்சின் அறைக் காற்றுவழி, நங்கூரச் சங்கிலி இறங்கும் குழாய் மூன்றையும் மறந்துவிடுவது சகஜம். முதல் இரண்டுக்கும் மூடும் வசதி வேண்டும். சங்கிலிக் குழாயில் சாக்குத் துணி திணித்து மேலே சிமெண்ட் பூசுவது பழைய வழி, இன்றும் அதைவிட நல்லது இல்லை.

மேல்தளத்தில் இருக்கை, இரும்பு பெஞ்ச், கூரைமேல் 500 லிட்டர் தண்ணீர்த் தொட்டி எல்லாமாகச் சேர்ந்து ஒன்றரை டன் வரும். அத்தனையும் இறக்கவேண்டும். பலன் தெரிய ஊஞ்சல் சோதனை ஒன்று போதும். துறைமுகத்துக்குள் அலையில்லாத அதிகாலையில் கயிறுகளைத் தளர்த்தி, நாலு பேர் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தாளத்தோடு நகர்ந்து படகை ஆட்டிவிட்டு நிற்கவேண்டும். ஐந்து முழு ஆட்டத்துக்கு ஆகும் நேரத்தை ஐந்தால் வகுத்தால் ஆட்டக் காலம். அகலத்தை 0.8-ஆல் பெருக்கி, ஆட்டக் காலத்தால் வகுத்து, வந்ததை வர்க்கம் செய்தால் நிலைத்தன்மை உயரம் தோராயமாக மீட்டரில் கிடைக்கும்; அது கூடினால் சாய்ந்த படகு நிமிரும் பலமும் கூடும். பெஞ்சுகள் இருந்தபோது 5.6 வினாடி, அதாவது சுமார் 0.62 மீட்டர். இறக்கினபின் 5.2 வினாடி, 0.72 மீட்டர். இது தோராயக் கணக்குத்தான், முறையான சாய்வுச் சோதனைக்கு ஈடாகாது. ஆனால் ஏதோ பெரிதாகத் தப்பு என்றால் இதிலேயே காட்டிவிடும். வினாடியில் வரும் எண் படகின் அகல மீட்டரைத் தாண்டினால் கொஞ்சம் நிதானித்து யோசிக்கவேண்டும்.

டீசல் கணக்கு இப்படி. எஞ்சினை 60 சதவீதச் சுமையில் ஓட்டினால் ஒன்றுக்கு மணிக்கு 18 லிட்டர், ஜெனரேட்டருக்கு 3, மொத்தம் 39. ஐம்பது மணி நேரத்துக்கு 1,950 லிட்டர். எதிர்க்காற்று, நீவாடு (கடல் நீரோட்டம்), ஒதுங்கி நிற்பது எல்லாவற்றுக்குமாக 30 சதவீதம் கூட்டினால் 2,535. டேங்கில் 800 போக மிச்சத்துக்கு 200 லிட்டர் பீப்பாய் ஒன்பது வேண்டும். சூட்டில் விரிய இடம் விட்டுத்தான் நிரப்பவேண்டும். இவை கீழ்த்தளத்தில் நடுக்கோட்டை ஒட்டி, மரச்சட்டத்துக்குள் ராட்செட் பெல்ட் போட்டு நிற்கவேண்டும். இடம் காலியாக இருக்கிறதே என்று மேல்தளத்தில் ஏற்றினால் பெஞ்சை இறக்கின புண்ணியம் எல்லாம் போச்சு. டேங்கில் 400 லிட்டர் குறைந்ததும் பகலில் இரண்டிரண்டு பீப்பாயாகக் கைப்பம்பால் வடிகட்டி வழியே இறக்கவேண்டும். டேங்க் கீழே போகும்வரை காத்திருக்கக் கூடாது.

இவ்வளவு டீசல் ஏற்றியும் கடலில் நின்றுபோகிற படகுகள் பெரும்பாலும் அழுக்கால்தான் நிற்கின்றன. ஜெட்டிக்கும் துறைக்கும் ஓடுகிற படகில் டேங்க் ஒருபோதும் நிரம்பியிருக்காது. மேலே இருக்கும் காற்றிலிருந்து இரவில் நீர் வியர்த்து அடியில் தேங்கும். தண்ணீரும் டீசலும் சந்திக்கும் கோட்டில் கிருமி வளரும். மேன்ஹோலைத் திறந்து அடியைத் துழாவினால் கருப்பாக, வழவழப்பாக, ஆடைகட்டின கூழ் மாதிரி கையில் வரும். துறைக்குள் அது அடியிலேயே படுத்திருக்கும். முனையைத் தாண்டி நீண்ட அலையில் படகு உருளத் தொடங்கினதும் எல்லாம் கலங்கி ஃபில்டருக்கு வந்துவிடும். முதல் ஃபில்டர் மூன்று நாலு மணி நேரத்தில் அடைக்கும். மாற்றினது அதைவிடச் சீக்கிரம் அடைக்கும். இரண்டு எஞ்சினும் ஒரே குழாயில் குடிக்கிறதென்றால் இரண்டும் சேர்ந்தே நிற்கும்.

அதனால் டேங்கை முழுக்க வடித்து, நன்றாகக் காற்றோட்டம் கொடுத்து, வெளியே ஒருவர் காவல் நிற்க உள்ளே இறங்கித் துடைக்கவேண்டும். நூல் உதிராத துணியால் மட்டும். காட்டன் வேஸ்ட்டின் நூல் அப்புறம் ஃபில்டரில் வந்து சிக்கும். உறிஞ்சு குழாயின் வாய் அடியைத் தொட்டுக்கொண்டிருந்தால் 50 மி.மீ. தூக்கி வைத்து, அடியில் வடிகால் குழாய் ஒன்று போடவேண்டும். ஒவ்வொரு எஞ்சினுக்கும் தனிக் குழாய், தனித்தனி இரட்டை ஃபில்டர், ஓடும்போதே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் வால்வோடு. உறிஞ்சும் பக்கம் வெற்றிட அளவி மாட்டினால் அடைப்பு வருவது முன்கூட்டியே தெரியும். உதிரி எலிமெண்ட் இரண்டு டஜன் எடுத்துக்கொண்டால் கூடுதல் என்று நினைக்க வேண்டாம்.

மற்றதெல்லாம் சோதனை ஓட்டத்தில் தெரியும். சின்னமுட்டத்திலிருந்து உவரி வரை போய்த் திரும்ப 44 கடல் மைல். இரண்டு தடவை நிற்காமல் போய்வந்தால் 11 மணி நேரம். கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கு எதிரே தடை செய்யப்பட்ட கடல்பகுதி இருக்கிறது, வெளியே விலகிப் போகவேண்டும். மணிக்கொரு தரம் தண்ணீர் வெப்பம், ஆயில் அழுத்தம், கியர்பாக்ஸ் சூடு, கிளாண்டு சூடு, பில்ஜ் (படகின் அடியில் தேங்கும் தண்ணீர்) மட்டம் எல்லாம் எழுத வேண்டும். முதல் மணி நேரத்தில் எல்லாம் ஒழுங்காக இருக்கும். மூன்றாவது மணியில் வெப்பம் மெல்ல ஏறினால் கூலர் குழாய்களில் உப்பு பிடித்திருக்கிறது, கழற்றிக் கம்பி விட்டுச் சுத்தம் செய்யவேண்டும். ஆயில் தின்பதும் அப்போதுதான் தெரியும். 11 மணி நேரத்தில் ஒரு லிட்டர் குறைந்தால் 50 மணிக்கு நாலரை, இரண்டு எஞ்சினுக்கு ஒன்பது. இரண்டு மடங்கு எடுத்துக்கொள்வது நல்லது. எஞ்சின் அடிபோல்ட், ஆல்டர்னேட்டர் பெல்ட், சுக்கான் ஹோஸ் எல்லாம் கரைக்கு வந்ததும் மறுபடி பார்க்கவேண்டும். சுக்கான் வேலை செய்யாதபோது பின்னால் மாட்டுகிற கைத்தண்டை ஓடும்போதே ஒரு தடவை மாட்டி ஓட்டிப் பார்க்கவேண்டும். பல படகில் அந்தத் தண்டு துளைக்குள் நுழையவே நுழையாது.

உயிர்காப்பு மிதவையின் கயிற்றை இழுத்துத் தளத்து வளையத்தில் நேராகக் கட்டிவைத்திருப்பதை அடிக்கடி பார்க்கலாம். படகு மூழ்கினால் அது மிதவையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். கயிறு, படகு மூழ்கும்போது தண்ணீர் அழுத்தத்தில் மிதவையைத் தானே விடுவிக்கும் நீரழுத்த விடுவிப்பானின் பலவீன இணைப்பு வழியேதான் கட்டப்பட வேண்டும், அப்போதுதான் இழுவை அதிகமானதும் அது அறுந்து மிதவை தனியே நிற்கும். விடுவிப்பானின் காலாவதித் தேதியையும் அங்கேயே பார்த்துவிடலாம். 406 மெகாஹெர்ட்ஸ் அபாய பீக்கன் பழைய உரிமையாளர் பெயரில் பெங்களூரு மையத்தில் பதிவாகியிருக்கும். கொடி மாறினால் எண்ணும் பதிவும் மாற்றவேண்டும், இல்லாவிட்டால் அபாய அழைப்பு வந்ததும் சம்பந்தமில்லாத வீட்டுக்குப் போன் போகும்.

காகிதத்தில் நேரம் தின்பது கொடி மாற்றம், அதாவது படகு பதிவான நாட்டை மாற்றுவது. பழைய பதிவை நீக்கின சான்று, வாங்கினவர் நாட்டின் தற்காலிகப் பதிவு, பயணி இல்லாமல் ஒரே தடவை போவதற்கான அனுமதி, காப்பீட்டுக் கம்பெனியின் சர்வேயர் ஒப்புதல் எல்லாம் கையில் வந்தால்தான் தூத்துக்குடியில் சுங்கமும் குடியேற்றமும் நடக்கும். துறைக்குள் பயணிகளை ஏற்றுவதற்கான பழைய சான்றிதழ் இதற்கு எந்த விதத்திலும் உதவாது.

தூத்துக்குடியிலிருந்து காலை 6 மணிக்குக் கிளம்பினால் மதியம் முனையைத் தாண்டலாம், அதற்கடுத்த வாட்ஜ் பேங்க் மீன்பிடித் திட்டில் பெரும்பகுதியைப் பகலிலேயே கடக்கலாம். இரவில் அங்கே வலையும் தூண்டில் கயிறும் புரொப்பெல்லரில் சுற்றுவது நிச்சயம் மாதிரி. அடுத்து கொழும்புக்கும் சூயஸுக்குமான கப்பல்கள் எட்டு டிகிரி கால்வாய் பக்கம் குறுக்கே போகும், கப்பல்கள் ஒன்றுக்கொன்று இருப்பிடம் காட்டும் ஏ.ஐ.எஸ். கருவி ஓடிக்கொண்டிருக்கட்டும். ஐந்து நாள் முன்னறிவிப்பு நன்றாக இருந்தால்தான் கயிறு அவிழ்க்கவேண்டும். ஒக்கி 2017 நவம்பர் 30-இல் இதே குமரிக் கடலில்தான் புயலானது, காற்று ஏறினது எச்சரிக்கை கரைக்கு வருவதற்குள் நடந்துவிட்டது.

இதே கணக்கில் மூன்றாம் நாள் காலை மாலே வரும். பவளப் பாறையை வெயிலில்தான் பார்க்க முடியும், இருட்டிவிட்டால் வெளியே நின்று விடியக் காத்திருப்பதே மேல். தீவு விளிம்பில் ஆழம் சட்டென்று இறங்குவதால் படகோடு வந்த குட்டி நங்கூரக் கயிறு பத்தாது, 100 மீட்டராவது வேண்டும். இன்னும் நுழைவு அனுமதி வாங்கவில்லை என்று காட்டும் மஞ்சள் கொடி ஏற்றி, வி.எச்.எஃப். ரேடியோவில் கூப்பிட்டு, அதிகாரிகள் ஏறும்வரை யாரும் கரையிறங்கக் கூடாது. இந்தியாவில் ஏற்றும்போது எடுத்த புகைப்படங்களோடு ஒவ்வொரு பொருளையும் எண்ணிக் கையெழுத்து வாங்கவேண்டும், மிச்ச டீசலை டிப் ஸ்டிக்கில் அளந்து எழுதவேண்டும். படகோட்டும் தலைவரான சிராங்கு முதல் சமையல்காரர் வரை அத்தனை பேருக்கும் மாலேயிலிருந்து திருவனந்தபுரத்துக்கு விமான டிக்கெட் யார் போடுவது என்பது ஒப்பந்தத்திலேயே இருக்கவேண்டும். படகைக் கொடுத்தபிறகு கேட்டால் பேரம் பேசுவார்கள்.