அண்ணமார் கல்லும் ஒரு கேள்வியும்

1974இல் பரமேஸ்வராக் கல்லூரிக் கட்டடங்களில் பேராசிரியர் கைலாசபதியின் தலைமையில் தொடங்கிய யாழ்ப்பாண வளாகம் தனிப் பல்கலைக்கழகமானது 1979இல். அந்த வருடம்தான் நானும் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிக்குள் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனேன். விரிவுரைகள் பாதி மறந்துவிட்டன, சரி. பின்னேரங்களில் கட்டுரை வாசிப்பார்களே, அது மட்டும் மறக்கவில்லை. வரலாறு, தமிழ், புவியியல், பொருளியல் என்று எந்தத் துறைக்காரரும் வரலாம், முதலாம் வருடப் பிள்ளையும் கேள்வி கேட்கலாம்.

ஆனைக்கோட்டையில் பேராசிரியர் இந்திரபாலாவும் பொ. இரகுபதியும் அகழ்ந்தபோது, பெருங்கற்காலப் புதைகுழியில் எலும்புக்கூட்டோடு ஒரு முத்திரை கிடைத்ததல்லவா, அதை ஒரு நாள் கரும்பலகையில் பெரிதாக வரைந்து காட்டினார்கள். மேல் வரியில் எழுத்தல்லாத குறிகள், கீழே மூன்று பிராமி எழுத்துகள்: கோ, வே, த. அந்த 'கோ' அரசனைக் குறிக்குமா என்று இருட்டும்வரை வாதாடினார்கள். நாங்கள் நாளும் சைக்கிளில் தாண்டிப்போகிற ஊரின் மண்ணைப் பற்றி!

அந்த உற்சாகத்தில்தான் நானும் எழுதத் துணிந்தேன். எங்கள் ஊர்ப் பூவரச மரத்தடியில் அண்ணமார் என்ற ஊர்த்தெய்வத்தின் கல்லாக இருந்தது எப்படிப் பிள்ளையார் கோயிலானது என்பதுதான் விஷயம். யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் மாதக்கணக்காக இருந்து சி.ஆர். கொப்பியில் குறிப்பெடுத்தேன். 1981 மே 31 இரவு அந்த நூலகத்தை எரித்தார்கள், 97,000 நூல்கள். அங்கிருந்து என்னிடம் மிஞ்சியது அந்தக் கொப்பிதான், இன்றும் வைத்திருக்கிறேன்.

மற்றதெல்லாம் அம்மம்மா சொன்னது. "தம்பி, முந்தி அண்ணமாருக்குக் கோழி வெட்டி, கள்ளும் வைச்சுத்தான் மடை. பேந்து ஐயர் வந்தார், பிள்ளையார் வந்தார், மோதகம் வந்தது." இதை அப்படியே வாசித்தேன், நல்ல கைதட்டல்.

அப்புறம் பின்வாங்கிலிருந்து தமிழ்த்துறைப் பிள்ளை ஒருத்தி எழும்பினாள். "அண்ணை, அந்த மரத்தடியில கும்பிட்ட ஆக்கள் இப்ப அந்தப் பிள்ளையார் கோயிலுக்குள்ள போகலாமோ?"

மண்டபம் அமைதியாகிவிட்டது. சாதி சொல்லிக் கோயிலுக்குள் விடாததை எதிர்த்து 1968இல் மாவிட்டபுரத்தில் நடந்த ஆலயப் பிரவேசப் போராட்டம் அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். நான் சாமியைப் பற்றி எழுதியிருந்தேன், கும்பிட்டவர்களைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை, அம்மம்மாவிடமும் கேட்கவில்லை. தெரியாது என்று சொல்லிவிட்டு இருந்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. கன்ரீனில் பிளேன்டீ குடிக்கும்போது பொருளியல்காரர் ஒருவர் கோயில் காணி யார் பெயரில் இருக்கிறதென்று பார்க்கச் சொன்னார், வரலாற்றுக்காரர் தோம்புகள் என்கிற பழைய காணிப் பதிவேடுகளைப் பற்றிச் சொல்லித்தந்தார். அந்தக் கிழமையே ஊருக்குப் போனேன். கோழி வெட்டிய குடும்பத்துப் பெரியவர் வாசலுக்கு வெளியே நின்றுதான் கும்பிட்டார்.

அந்தக் கேள்வியைக் கேட்ட தங்கச்சி எந்த நாட்டில் இருக்கிறாவோ தெரியாது. பழைய மாணவர் சங்கத்தின் இந்த மலர் கையில் கிடைத்தால் சங்கத்துக்கு ஒரு வரி எழுதுங்கோ. உங்களுக்கான பதில் அதே கொப்பியின் கடைசி நாலு பக்கத்தில் இருக்கிறது.