பழைய அப்டேட் ஃபைல்களை நீக்கி சி டிரைவில் இடம் பிடித்த கதை

விண்டோஸ் 10-இலிருந்து 11-க்கு மாறியதும் என் லேப்டாப்பில் சி டிரைவின் பட்டை சிவப்பாகிவிட்டது. படங்கள், வீடியோக்கள் எல்லாம் வேறு டிரைவில் இருப்பதால், இடத்தை அடைப்பது சிஸ்டம் ஃபைல்கள்தான் என்று தெரிந்தது.

முதலில் கண்ணில் பட்டது விண்டோஸ்.ஓல்ட் ஃபோல்டர். பழைய விண்டோஸ் முழுக்க அதற்குள் இருக்கிறது. புதியது ஒத்துவராவிட்டால் திரும்பிப் போக 10 நாள் அவகாசம். அப்புறம் சிஸ்டமே அதை அழித்துவிடும். அதுவரை பொறுக்க இடமில்லை. பிரிண்டர், வைஃபை, வேலைக்கான மென்பொருள்கள் எல்லாம் ஒழுங்காக ஓடுகின்றனவா என்று பார்த்துக்கொண்டு, விண்டோஸிலேயே இருக்கும் டிஸ்க் கிளீனப் கருவியில் 'கிளீன் அப் சிஸ்டம் ஃபைல்ஸ்' பட்டனை அழுத்தினேன். அதை அழுத்தினால்தான் பழைய விண்டோஸும் 'விண்டோஸ் அப்டேட் கிளீனப்'பும் பட்டியலில் வரும். இரண்டையும் டிக் செய்தேன். இதையே செட்டிங்ஸில் 'டெம்பரரி ஃபைல்ஸ்' வழியாகவும் செய்யலாம். ஆனால் அங்கே 'டவுன்லோட்ஸ்' என்ற வரியும் இருக்கும். அதில் டிக் விழுந்தால் நாம் சேர்த்து வைத்ததெல்லாம் போய்விடும். தயவுசெய்து ஒவ்வொரு வரியையும் படித்துவிட்டு அழியுங்கள்.

அடுத்தது வின்எஸ்எக்ஸ்எஸ், அதாவது விண்டோஸ் தன் சிஸ்டம் ஃபைல்களையும் பழைய அப்டேட் ஃபைல்களையும் சேர்த்து வைக்கும் ஃபோல்டர். பிராபர்ட்டீஸில் இதன் அளவைப் பார்த்தால் பகீரென்றிருக்கும். ஆனால் இதில் கை வைத்து எதையும் டெலீட் செய்யக் கூடாது, விண்டோஸே எழும்பாமல் போகலாம். அந்த அளவும் நிஜமல்ல. ஒரே ஃபைலுக்கு ஹார்டு லிங்க் மூலம் இரண்டு இடங்களில் பெயர் இருக்கும், எக்ஸ்ப்ளோரர் அதை இரண்டு முறை கணக்கில் சேர்த்துவிடும். அட்மின் உரிமையுடன் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, விண்டோஸோடு வரும் டிஸ்ம் என்ற கருவியில், இந்த ஃபோல்டரை அலசும் 'அனலைஸ் காம்போனென்ட் ஸ்டோர்' கட்டளையைக் கொடுத்தபோதுதான் உண்மையான அளவு தெரிந்தது. கடைசி வரியில், சுத்தம் செய்யலாமா என்பதற்கு 'யெஸ்' என்று வந்தது.

சரி என்று, அதே டிஸ்மில் பழைய அப்டேட் ஃபைல்களை நீக்கும் 'ஸ்டார்ட் காம்போனென்ட் கிளீனப்' கட்டளையை ஓட்டினேன். சதவீதம் 20-இலேயே நெடுநேரம் நின்றது. டாஸ்க் மேனேஜரில் அப்டேட் வேலைகளைச் செய்யும் 'விண்டோஸ் மாட்யூல்ஸ் இன்ஸ்டாலர் ஒர்க்கர்' மும்முரமாக ஓடிக்கொண்டிருந்ததால் விண்டோவை மூடாமல் விட்டுவைத்தேன். தானாகவே முடிந்தது.

இந்தக் கட்டளையோடு 'ரீசெட் பேஸ்' என்பதையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் இடம் கிடைக்கும். ஆனால் ஏற்கெனவே போட்ட அப்டேட் எதையும் பிறகு நீக்க முடியாது. பட்டையின் சிவப்பு அதற்குள் போயிருந்ததால் அதைத் தொடவில்லை.